மேக்னட் கழன்ற ஞாயிறு

கல்யாணமான முதல் மூன்று வருடங்கள் நான் வீட்டிலேயே தபால்காரி வேலை பார்த்தேன். அனுப்புகிறவர் என் அப்பா, பெறுகிறவர் என் கணவர். சில நாள் திருப்பி. அப்பா வருகிற நாளெல்லாம் இரண்டு பேரும் இரண்டடி தள்ளி ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். "மாப்பிள்ளைக்கு இன்னொரு தோச வைம்மா, பசியா இருப்பாரு" என்று அப்பா என்னிடம் சொல்வார். "மாமாவுக்குக் காத்து வருதான்னு கேளு, ஃபேன இன்னும் வேகமா வெக்கணுமா?" என்று கணவர் என்னிடம் கேட்பார். நடுவில் நான் கரண்டியோடு நிற்பேன். ஒருவரை ஒருவர் பிடிக்காமல் இல்லை. மரியாதை. அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாவின் மரியாதைக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் பிட்டராக இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆஸ்டின் டவுன் வீட்டில், அவருடைய அக்காவின் கணவர் சுவரில் ஒரு பலகை அடித்தாராம். அப்பா தன் ரசமட்டத்தைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்து, "மாமா, கால் இஞ்சு கோணல்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அந்த மனிதர் அன்று மாலையே பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு கிளம்பினார். அத்தை அதன்பிறகு பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அப்பாவின் கல்யாணத்துக்கு வரவில்லை, நான் பிறந்தபோது வரவில்லை. பல வருடம் கழித்து அத்தை இறந்த செய்திதான் வந்தது. "கால் இஞ்சுக்கு என் அக்காவ வித்துட்டேன்" என்று அப்பா ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து வீட்டு மாப்பிள்ளை எவராக இருந்தாலும் அவர் செய்வது சரி. மேசையைத் தலைகீழாகப் போட்டாலும் அப்பா அதன் கால்களைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்பார்.

நான் சொல்ல வந்தது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது நாங்கள் லிங்கராஜபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு சிவாஜி நகர் பக்கம் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. பையன் பிறந்து ஐந்து மாதம். பிரசவ விடுப்பும் சம்பளமில்லாத விடுப்பும் முடிந்து, கெஞ்சி வாங்கிய இரண்டு வாரமும் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை நான் போய் உட்காராவிட்டால் அந்த நாற்காலியில் வேறு பெண் உட்காருவாள் என்று மானேஜர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அம்மா இல்லை. மாமியார் திருப்பத்தூரில் மூத்த மகன் வீட்டில். அதனால் பையனைப் பகலில் பார்த்துக்கொள்ள அப்பா தினமும் ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. ஒரு வாரம் ஒத்திகைகூட ஆயிற்று. துணி மாற்றுவதில் அப்பா என்னைவிடக் கெட்டிக்காரர். ஊக்கு குத்தும்போது மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார், ஆலையில் வேலை பார்க்கிற முகம் வந்துவிடும்.

ஒரு சிக்கல்தான். என் பையன் என்னிடம் தவிர வேறெதிலும் குடிக்க மாட்டான். புட்டியைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வான். பாலாடையில் ஊற்றினால் அப்பாவின் சட்டையில் துப்புவான். ஆகவே மதியம் ஒரு மணி நேர இடைவேளையில் நான் வீட்டுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பஸ்ஸில் நடக்கிற காரியமா? ரயில்வே கேட் போட்டால் பஸ் அங்கேயே தூங்கும். ஆனால் என்னிடம் ஒரு மொபெட் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே என் சம்பளத்தில் நானே வாங்கியது. கேட் மூடியிருந்தாலும் வண்டியைச் சாய்த்துக் குனிந்து கம்பத்துக்கு அடியில் நுழைந்து, கால் மணியில் வீடு வந்துவிடலாம். என் வேலை, பையனின் பால், இரண்டும் அந்த மொபெட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

சனிக்கிழமை மதியம் அதை வெளியே எடுத்தேன். எட்டு மாதமாக வீட்டுப் பக்கச் சந்தில் மழையில் நனைந்துகொண்டிருந்த வண்டி. பெடலை மிதித்தேன், மிதித்தேன், நெஞ்சு அடைக்கும்வரை மிதித்தேன். இருமல்கூட வரவில்லை. தெருமுனை மெக்கானிக் யாரோ சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஆனேக்கல் போய்விட்டார், செவ்வாய்க்கிழமைதான் கடை திறக்கும். கணவர் ப்ளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்துப் பெடலைச் சுற்றச் சொன்னார். பொறி வரவில்லை.

"கரண்ட் வரல. மேக்னட்டுக்குள்ள கண்டன்சர் போயிருக்கும். நானே மாத்திடறேன்" என்றார்.

அவர் ஒரு அலுவலகத்தில் பைல் பார்க்கிறவர். ஆனால் எதையும் திறந்து பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டில் ரேடியோ, மிக்ஸி, சுவர்க்கடிகாரம் எல்லாம் அவர் கையால் திறக்கப்பட்டவை. மூடப்பட்டவை என்று சொல்ல முடியாது. இருந்தாலும் அன்று மாலையே ஓடிப்போய்ப் புதுக் கண்டன்சரும், மேக்னட் கழற்றுகிற புல்லரும் வாங்கிவந்தார். என் வேலை போய்விடக் கூடாது என்று என்னைவிட அவர்தான் பதறினார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

மேக்னட் என்று மெக்கானிக்குகள் சொல்வது எஞ்சினின் பக்கவாட்டில் சுற்றுகிற கனமான சக்கரத்தைத்தான். கைப்பிடி இல்லாத சின்ன வாணலி போல இருக்கும். உள் சுற்றில் காந்தங்கள், வெளிப்பக்கம் காற்றடிக்கிற சின்னச் சின்ன இறக்கைகள். நடுவில் எஞ்சினின் தண்டு கூம்பாக வந்து அதற்குள் இறுகியிருக்கும், தண்டின் தலையில் ஒரு நட். அதைக் கழற்றினால்தான் பின்னால் ஒளிந்திருக்கும் கண்டன்சரை, பொறி வரத் தேவையான அந்த விரலளவு உருளையை, தொட முடியும்.

ஞாயிறு காலை அப்பா ரொட்டியும் வாழைப்பழமுமாக வந்தார். கணவர் வாசல் நடையில் சாக்கு விரித்து வண்டியைச் சாய்த்து வைத்திருந்தார். அப்பா பையனை மடியில் வைத்துக்கொண்டு நிலைப்படிக்கு உள்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார். முப்பது வருட பிட்டர் பார்வையாளர், பைல் பார்க்கிறவர் மெக்கானிக். அன்றைய நாள் இப்படி ஆரம்பித்தது.

கணவர் மூடியைக் கழற்றி, மேக்னட் சுற்றாமலிருக்க அதன் இறக்கைகளுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினார். அப்பா பல்லில் கல் பட்டதுபோல முகத்தைச் சுளித்தார். மெதுவாக எழுந்து அடுப்படிக்கு வந்தார்.

"அம்மா, றெக்க ஒடஞ்சிடும். ஒரு பழைய நாடாவோ துணியோ சுத்திப் புடிக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

நான் வாசலுக்குப் போய், "ஏங்க, துணி சுத்திப் புடிச்சா என்ன?" என்றேன்.

"உனக்கெப்படித் தெரியும் இதெல்லாம்?"

"தோணுச்சு."

துணி சுற்றிப் பிடித்ததும் நட் கழன்றது. கணவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அடுத்தது புல்லர். அதன் ஒரு பாகம் மேக்னட்டின் மரைக்குள் திருகி இறங்க வேண்டும். பிறகு நடுவில் இருக்கிற போல்ட்டை முறுக்கினால் அது தண்டை உள்ளே தள்ளி, மேக்னட்டை வெளியே இழுக்கும். மரையெல்லாம் துரு. புல்லர் இரண்டு சுற்றுக்கு மேல் இறங்கவில்லை. கணவர் அதோடு போல்ட்டை முறுக்க ஆரம்பித்தார். அப்பா மறுபடி அடுப்படிக்கு வந்தார்.

"ரெண்டு மரைல இழுத்தா மரை வழிச்சிக்கும்மா. அப்புறம் புல்லர் மாட்டவே எடம் இருக்காது. பழைய டூத் பிரஷ்ல கெரசின் தொட்டு நல்லா தேய்க்கணும். முழுசா எறங்கணும்." சட்டைப் பையிலிருந்து ஒரு டூத் பிரஷ்ஷை எடுத்து நீட்டினார். வண்டி நின்றதை முந்தின நாளே கேட்டுவிட்டு, வீட்டிலிருந்து வரும்போதே கொண்டுவந்திருக்கிறார் மனிதர்!

"இத நீங்களே அவர்கிட்ட சொன்னா என்னப்பா?"

"அவரு வூட்டு வாசல்ல உக்காந்து அவருக்கே புத்தி சொல்றதா? நல்லாயிருக்கும்மா" என்று ஸ்டூலுக்குத் திரும்பிவிட்டார்.

பிரஷ்ஷைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புல்லர் முழுவதும் இறங்கியது. போல்ட்டை முறுக்கினார். நெற்றி நரம்பு புடைக்க முறுக்கினார். மேக்னட் அசையவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். முறுக்கினார். சாப்பிட்டுவிட்டு வந்து முறுக்கினார். மணி இரண்டரை.

இரண்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டால் வெளி டம்ளரில் வெந்நீர் ஊற்றுவோமே, அது ஞாபகம் வந்து, கொதிக்கிற தண்ணீர் ஒரு சொம்பு கொண்டுவந்தேன். "கரண்ட் சாமான்ல தண்ணி ஊத்தறதா?" என்று கணவர் கத்தினார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா பையனின் தலையைத் தடவிக்கொண்டே, பையனிடம் சொல்வதுபோல, "ஊத்தலாம், தொடச்சிக்கலாம்" என்றார். ஊற்றினேன். ஆவி வந்தது, மேக்னட் வரவில்லை.

இந்த இடத்தில் கணவரின் பொறுமை தீர்ந்தது. புல்லரைக் கழற்றி எறிந்தார். வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து ஒரு பெரிய சுத்தியலும் கடப்பாரையும் இரவல் வாங்கிவந்தார். கடப்பாரையை மேக்னட்டுக்குப் பின்னால் கொடுத்துக் காலால் அழுத்திக்கொண்டு, வெறும் தண்டின் தலையைப் பார்த்துச் சுத்தியலை ஓங்கினார்.

"டேய்! வைடா கீழ! அறிவிருக்கா உனக்கு?"

தெருவில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றுவிட்டார். அப்பா எழுந்து நின்றிருந்தார். அந்தக் குரலை நானே கேட்டதில்லை. சுற்றிலும் இயந்திரங்கள் ஓடும்போது யாரோ கையை விடப் போகிறான் என்றால் கத்துகிற குரலாக இருந்திருக்கும். பையன் வீறிட்டான். கணவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. பையனை என் கையில் கொடுத்தார். உள்ளே போய்த் தன் பையை எடுத்தார். செருப்பை மாட்டினார்.

"பேசக் கூடாதத பேசிட்டேம்மா. நான் கெளம்பறேன். உன்ன ஏதாச்சும் சொல்லிடப் போறாரு, நீ எதுவும் எதுத்துப் பேசாத."

அவர் மனத்தில் அந்த நிமிஷம் ஓடியது சுவரில் அடித்த பலகைதான் என்று எனக்குத் தெரியும். தன் அக்காவைத் தொலைத்ததுபோல என்னையும் தொலைத்துவிட்டதாகவே நினைத்துவிட்டார். பயம் எனக்கும் வந்தது. ஆனால் எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"போங்க! ரெண்டு பேரும் மரியாதையக் கட்டிட்டு அழுங்க! நாளைக்கு இவனப் பாத்துக்கறது யாரு? நான் எதுல போயி எதுல வர்றது? காலைலேர்ந்து ஒருத்தருக்குத் தெரியும், வாயத் தொறக்க மாட்டாரு. இன்னொருத்தருக்குத் தெரியாது, கேக்க மாட்டாரு. நடுவுல நான் என்ன, டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?"

கணவர் சாக்கிலிருந்து எழுந்தார். கையெல்லாம் கறுப்பு. வாசல் கேட் அருகில் போய், அப்பாவின் முதுகைப் பார்த்து நேராகவே கேட்டார்.

"மாமா, அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அப்பா திரும்பாமலே சொன்னார். "தண்டு தல மழுங்கிடுங்க. மரை போயிடும். அப்புறம் நட் மாட்ட முடியாது. எஞ்சினையே பொளக்கணுங்க."

"ஒரு அடியில வண்டி முடிஞ்சிருக்கும்?"

"ஆமாங்க."

"இது தெரிஞ்சும் காலைலேர்ந்து சும்மாவா உக்காந்திருந்தீங்க?"

"உங்க வூட்ல வந்து உங்கள நான்..."

கணவர் கையைத் துணியில் துடைத்தார். கறுப்பு போகவில்லை. "எங்கப்பா போனப்ப எனக்கு ஒம்பது வயசு மாமா" என்றார். "அதுக்கப்புறம் என்ன எல்லாரும் பாவம் பாவம்னுதான் பாத்தாங்க. எங்கண்ணன்கூட என்னை ஒரு வார்த்த சொன்னதில்ல. தப்பு பண்ணப் போறேன்னு ஒருத்தர் டேய்னு அதட்டி இன்னைக்குத்தான் கேக்கறேன். வாங்க. திட்டிக்கிட்டே சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாது."

மூன்று வருடமாக ஒரே பாயில் படுக்கிற எனக்கே, அவர் இப்படி ஒரு ஏக்கம் வைத்திருக்கிறார் என்று தெரியாது. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பாசத்தை, தெருவில் அந்தச் சைக்கிள்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்ததால் காட்ட முடியவில்லை. சைக்கிள்காரரை முறைத்தேன். அவர் போய்விட்டார்.

அப்பா செருப்பைக் கழற்றினார். பையைக் கேட் கம்பியிலேயே மாட்டிவிட்டு வந்து சாக்கில் கணவருக்கு எதிரே உட்கார்ந்தார். வேலையைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

"புல்லர முழுசா எறக்குங்க. ம். இப்ப போல்ட்ட முறுக்குங்க. போதும், போதும்னா நிறுத்... நிறுத்துங்க. அம்மா, வெந்நி. நடுவுல மட்டும் ஊத்து, பைய. இப்போ சின்னச் சுத்தி. அந்தப் போல்ட்டு தலையில ஒரே அடி. பலம் வேணாம். வெடுக்குனு."

கணவர் அடித்தார். ஒன்றும் ஆகவில்லை.

"இன்னும் கால் சுத்து முறுக்குங்க. மறுபடி வெந்நி. அடிங்க."

அடித்தார். அசையவில்லை.

"கை தளர்ந்து அடிக்கறீங்க. பயப்படாதீங்க."

"நீங்க மறுபடி டேய்னு சொல்லுவீங்களோன்னு பயமா இருக்கு மாமா."

அப்பா சிரித்தார். மாப்பிள்ளை முன்னால் பல் தெரிய அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அடிடா" என்றார்.

டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். காலையிலிருந்து மூன்று பேரை ஆட்டிவைத்த மேக்னட், குழந்தை பொம்மையை விடுவதுபோலத் தண்டை விட்டுவிட்டுக் கணவர் மடியில் வந்து விழுந்தது. அதற்கு அடியில் சிவப்புத் துரு, ஈரம், செத்துப்போன கண்டன்சர். பிறகு எல்லாம் சடசடவென்று நடந்தது. புதுசை மாட்டினார்கள். பொறியைக் கிளப்புகிற பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்தார்கள். மேக்னட் நழுவாமலிருக்கத் தண்டில் செருகுகிற, சாவி என்று சொல்லும் பிறை வடிவத் துண்டை அப்பா துடைத்துத் துடைத்துப் பார்த்துக் கொடுத்தார். மேக்னட்டைத் திரும்ப ஏற்றி நட்டை இறுக்கிப் பெடலைச் சுற்றியதும் ப்ளக்கின் முனையில் நீலப் பொறி குதித்தது. நான் பெடலை மிதித்த நாலாவது மிதியில் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. ஐந்து தெரு சுற்றிவந்தேன். வீட்டைத் தாண்டும்போது இரண்டு பேரும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், சங்கீதம் கேட்கிறவர்கள் மாதிரி.

திங்கட்கிழமை ஒரு மணி அடித்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினேன். பதினொரு மணியிலிருந்தே மார்பு கனத்து வலித்துக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்தியும் ரவிக்கை நனைந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியைச் சாய்த்துக் குனிந்து நுழையும்போது முட்டியில் அடிபட்டது, பார்க்கவில்லை. எங்கள் தெருவில் திரும்பினால் வாசலில் ஓர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அப்பா, தோளில் பையன். அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டிய கணவரும் அங்கே!

எனக்கு உயிரே போய்விட்டது. அருகில் வந்தபிறகுதான் அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"மாமா, மணி ஒண்ணு இருவது. வண்டி எங்கியோ நின்னிருக்கும். வாங்க, பையன ஆட்டோவுல கொண்டுபோய் அவ ஆபீஸ்லயே குடுத்துடலாம்."

"பேசாம இருடா. நாம இந்தப் பக்கம் போயி அவ அந்தப் பக்கம் வந்தா? நீ மாட்டின மேக்னட்டு மேல உனக்கே நம்பிக்க இல்லியா?"

"நான் மாட்டினதுனாலதான் மாமா பயமா இருக்கு."

கணவர் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், என் வண்டி நின்றுபோனால் பையன் பட்டினி கிடக்கக் கூடாது என்று. ஆட்டோக்காரர் இவர்கள் சண்டை முடியட்டும் என்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். மூன்று பேரில் ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. பையன்தான் பார்த்தான். தாத்தாவின் தோளிலிருந்து எம்பி, அழுது சிவந்த முகத்தோடு இரண்டு கையையும் நீட்டினான்.

வண்டியை அப்படியே அவர்கள்மேல் சாய்த்துவிட்டுப் பையனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன். சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தேன். அவன் ஆத்திரத்தோடு முட்டி முட்டிக் கவ்வினான். பிறகு தேம்பல் அடங்கி, மூச்சு சீராகி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெளியே ஆட்டோ காலியாகத் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா மெல்லக் கனைத்தார்.

"அம்மா, குடிக்கறானா?"

"குடிக்கறான்பா" என்றேன்.

"குடிக்கறான்டா" என்று அப்பா அவரிடம் சொன்னார்.